நோய் வரைபடம் தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

நோய்ப் பரவலை வரைபடமாக்கும்போது வரும் பிழைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் கூச்சல் போட்டுக்கொண்டே வரும்: புள்ளிகள் கடலில் விழும், வரைபடம் வெள்ளையாக நிற்கும், மென்பொருள் சிவப்புக் கட்டத்தில் திட்டும். இன்னொரு ரகம் வாயே திறக்காது. வரைபடம் பளிச்சென்று இருக்கும், கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் அது காட்டுவது நோயை அல்ல. முதல் ரகத்தை முன்னாலும் இரண்டாம் ரகத்தைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் முன்பாதியோடு போய்விடுவார்கள் என்று தெரியும். முடிந்தால் போகாதீர்கள்.

மெனு பெயர்களை, வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருளின் மூன்றாம் பதிப்பில் இருக்கிறபடி, ஆங்கில ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். பின்பாதியில், விகிதத்தை மென்மையாக்கவும் நோய் திரண்டிருக்கும் இடங்களை (திரள்) கண்டுபிடிக்கவும் ஜியோடா, சாட்ஸ்கேன் என்ற இரண்டு மென்பொருள்கள் வரும். மூன்றுமே இலவசம்.

தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிவையுங்கள்: மொத்த நோயாளிப் பதிவுகள், மொத்தப் பகுதிகள், மொத்த மக்கள்தொகை. ஒவ்வொரு படி முடிந்ததும் இந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். கீழே உள்ளவற்றில் பாதியை இந்தத் தாளே பிடித்துக் கொடுத்துவிடும்.

புள்ளிகள் தெரியவில்லை, அல்லது வேறெங்கோ விழுகின்றன

லேயர் (வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தரவு அடுக்கு) பட்டியலில் பெயர் இருக்கிறது, திரையில் ஒன்றும் இல்லை. லேயர் பெயர்மேல் வலது கிளிக் செய்து ‘ஸூம் டு லேயர்’ கொடுங்கள். எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் நிறுத்துகிறதா? அது அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 சந்திக்கும் இடம். ஆயங்கள் காலியாக இருந்த பதிவுகளில் யாரோ பூஜ்யம் நிரப்பியிருக்கிறார்கள். அந்த வரிசைகளை அழித்துவிடாதீர்கள். ‘இடம் தெரியாதவை’ என்று தனியே ஒதுக்கி, எண்ணிக்கையைத் தாளில் குறியுங்கள். மொத்தப் பதிவுகளில் பத்தில் ஒன்று இப்படிப் போனால், வரைபடத்தின் அடியில் அதை எழுதியாக வேண்டும்.

எல்லாப் புள்ளிகளும் மொத்தமாக வேறொரு கண்டத்தில் இருக்கின்றனவா? அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். ‘டிலிமிட்டட் டெக்ஸ்ட்’ சாளரத்தில் எக்ஸ் என்று கேட்கும் இடத்தில் தீர்க்கரேகையும், ஒய் என்று கேட்கும் இடத்தில் அட்சரேகையும் போக வேண்டும். ‘லாட்-லாங்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், முதல் பெட்டியில் அட்சரேகையைத்தான் போடச் சொல்லும்.

எங்கேயுமே நிறுத்தாமல் வெறுமையில் கொண்டுபோய் விடுகிறதா? அட்டவணையைத் திறந்து எண்களைப் பாருங்கள். −180-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தால் அவை பாகைகள். ஆறேழு இலக்கங்களில் இருந்தால் மீட்டர்கள், பெரும்பாலும் உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறை. மீட்டரில் உள்ள லேயரைப் பாகை என்று மென்பொருள் நினைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சி.ஆர்.எஸ். என்பது ஆயங்கள் எந்த முறையில் அளக்கப்பட்டவை என்ற குறிப்பு. ‘ஸெட் லேயர் சி.ஆர்.எஸ்.’ என்பது வேறு, ‘ரீபுரொஜெக்ட் லேயர்’ என்பது வேறு. தமிழில் எழுதிய கடிதத்தின் உறைமேல் ‘இது பிரெஞ்சு’ என்று எழுதினால் உள்ளே இருப்பது பிரெஞ்சாகிவிடாது. முதலாவது, உறைமேல் எழுதுவது, இரண்டாவது, மொழிபெயர்ப்பது. லேயரில் சி.ஆர்.எஸ். இல்லாமலோ தப்பாகவோ இருந்தால் மட்டும் முதலாவது. சரியான சி.ஆர்.எஸ். ஏற்கெனவே இருந்து, வேறொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் இரண்டாவது. ஜி.பி.எஸ். கருவியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ வந்த பாகைகளுக்கு இ.பி.எஸ்.ஜி. 4326 என்ற எண்ணுள்ள சி.ஆர்.எஸ்.ஸை வைத்தால் சரியாக இருக்கும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் சில நூறு மீட்டர் தள்ளியிருந்தால், ஆயங்கள் பழைய நில அளவை வரைபடத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம். அந்த வரைபடத்தின் டேட்டம், அதாவது ஆயங்களை அளக்க எடுத்துக்கொண்ட பூமி வடிவ அடிப்படை, எது என்று அதன் ஓரக் குறிப்பில் பார்த்து, முதலில் அதற்குரிய சி.ஆர்.எஸ்.ஸை லேயருக்கு வைத்து, பிறகு ரீபுரொஜெக்ட் செய்யுங்கள்.

தள்ளியிருக்கும் தூரம் புள்ளிக்குப் புள்ளி வேறுபட்டால்? இதில் நானே இரண்டு நாளைத் தொலைத்திருக்கிறேன். சில புள்ளிகள் 3 கிலோமீட்டர் தள்ளி, சில 20 கிலோமீட்டர் தள்ளி, எந்த ஒழுங்கும் இல்லை. சி.ஆர்.எஸ்.ஸை மாற்றி மாற்றிப் பார்த்ததுதான் மிச்சம். கடைசியில் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் பிரித்து வரிசைப்படுத்திப் பார்த்தேன்: 00 முதல் 59 வரை எல்லாம் இருந்தன, 60 முதல் 99 வரை ஒன்றுகூட இல்லை. 10 பாகை 30 கலையைக் களத்தில் 10.30 என்று எழுதிவந்திருக்கிறார்கள். உண்மையில் அது 10.5. வித்தியாசம் 0.2 பாகை, கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். 10 பாகை 5 கலையில் பிசகு 4 கிலோமீட்டருக்கும் குறைவு. 59 கலையில் 44 கிலோமீட்டரை எட்டும். அதனால்தான் ஒழுங்கே தெரியவில்லை. தசமப் பகுதியை 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி முழு எண்ணோடு கூட்டினால் தீர்ந்தது.

‘ஜாயின்’ செய்தேன், நெடுவரிசை முழுக்க ‘நல்’ என்று வருகிறது

‘ஜாயின்’ என்பது இரண்டு அட்டவணைகளைப் பொதுவான நெடுவரிசையை வைத்து ஒட்டுவது; ‘நல்’ என்றால் மதிப்பே இல்லை. பகுதி எல்லைகளோடு நோய் அட்டவணை ஒட்டவில்லை. எல்லாமே ‘நல்’ என்றால் காரணம் எளிது: ஒரு பக்கம் குறியீடு எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கிறது. எக்ஸெலில் ஒருமுறை திறந்து சேமித்ததும் ‘0407’ என்பது 407 ஆகிவிடும். கியூஜிஐஎஸ் உள்ளே எடுக்கும்போதும் ‘டிடெக்ட் ஃபீல்டு டைப்ஸ்’ டிக் இருந்தால் இதே கதைதான், அதை எடுத்துவிடுங்கள். பூஜ்யம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் ஃபீல்டு கால்குலேட்டரில் ‘எல்பேட்’ சார்பு இடப்பக்கம் பூஜ்யத்தை நிரப்பிக் கொடுக்கும்.

சில வரிசைகள் மட்டும் ஒட்டவில்லை என்றால், ‘ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை ஃபீல்டு வேல்யூ’ கருவியை ஓட்டி, ஒட்டாதவற்றைத் தனி லேயராகக் கேட்டு வாங்குங்கள். இருபதோ முப்பதோ பெயர்கள் வரும். பின்னால் ஒட்டிய வெற்றிடம், ஒரே ஊருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல், ஒரு பக்கம் ‘வடக்கு’ மறுபக்கம் ‘வ’ என்று வழக்கமான ஆட்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். வெற்றிடத்துக்கு ‘டிரிம்’ போதும்.

ஆனால் தமிழில் பெயர் வைத்து ஒட்டுகிறவர்களுக்கு என்றே ஒரு பொறி இருக்கிறது. திரையில் இரண்டு பெயர்களும் அச்சு அசலாக ஒன்று, ஆனாலும் ஒட்டாது. ‘கோட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. குறிகளை எண்ணும் ‘லெங்த்’ சார்பைப் போட்டுப் பாருங்கள்: ஒன்று 7 என்னும், மற்றது 8 என்னும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ‘ரீப்ளேஸ்’ கொண்டு இரட்டைக் குறிகளை ஒற்றையாக்குங்கள்; ஒகரத்துக்கும் இதையே செய்யுங்கள். ஔகாரம் இன்னும் மோசம். ‘கௌ’ என்பதில் கடைசியில் நிற்பது குறியா, அல்லது யாரோ தட்டிய ளகர எழுத்தா என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

என் கருத்தைக் கேட்டால், பெயரை வைத்து ஒட்டவே ஒட்டாதீர்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரே பெயரில் ஊர்கள் இருக்கும். பெயர் சரியாகவே ஒட்டினாலும் தப்பான ஊரோடு ஒட்டும். குறியீட்டை வைத்து ஒட்டுங்கள்.

இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவில் சேமித்தால் நெடுவரிசைப் பெயருக்குப் பத்து பைட்டுக்கு மேல் இடம் கிடையாது. யு.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் போகும். ‘நோயாளிகள்’ என்று வைத்த பெயர் ‘நோய’ என்று மொட்டையாகி நிற்பது இதனால்தான். ஜியோபேக்கேஜ் என்ற வடிவில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் ஒட்டிவிட்டது, ஆனால் மொத்தம் குறைகிறது

ஒவ்வொரு பகுதியிலும் 1 என்று காட்டுகிறதா? நோயாளிக்கு ஒரு வரிசை என்றிருக்கும் அட்டவணையை நேரடியாக எல்லையோடு ஒட்டியிருக்கிறீர்கள். சாதாரண ‘ஜாயின்’, பொருந்தும் முதல் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும், எச்சரிக்கையும் வராது. முதலில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பை கேட்டகரீஸ்’ கொண்டு பகுதிவாரியாகத் தொகையாக்கிவிட்டு ஒட்டுங்கள். புள்ளிகள் கையில் இருந்தால் ‘கவுண்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகன்’.

மொத்தம் 65,535 பக்கத்தில் போய் நிற்கிறதா? பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பு ஒன்று எங்கோ வழியில் புகுந்திருக்கிறது. அதில் தலைப்பையும் சேர்த்து 65,536 வரிசைகள்தான் கொள்ளும். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான கோவிட் கணக்கில் இங்கிலாந்தில் 15,841 தொற்றுகள் விடுபட்டது இந்த வரம்பால்தான். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்துக்கும் 10,48,576 என்று ஓர் எல்லை உண்டு. பெரிய பட்டியல்களுக்குச் சி.எஸ்.வி. அல்லது தரவுத்தளம்தான் சரி.

தேதிவாரியாக ஓட்டும்போது மட்டும் எண்ணிக்கை குறைந்து, இன்னும் வராத மாதங்களிலும் நோயாளிகள் தெரிந்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 03/07 என்பது மார்ச் 7-ஆகப் போயிருக்கும். 23/07 தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அட்டவணையை வரிசைப்படுத்தினால் 12-க்கு மேற்பட்ட நாட்கள் எல்லாம் ஒரு மூலையில் தனியே குவிந்திருப்பதைப் பார்க்கலாம். ஆண்டு–மாதம்–நாள் என்ற வரிசையில் எழுதினால் எந்த மென்பொருளுக்கும் குழப்பம் வராது.

விகிதம் கணக்கிட்டேன், எல்லாமே 0

ஃபீல்டு கால்குலேட்டரில் புதிய நெடுவரிசையின் வகை ‘ஹோல் நம்பர்’ என்று இருந்திருக்கும். 0.0006 அதில் 0 ஆகிவிடும். ‘டெசிமல் நம்பர்’ என்று மாற்றுங்கள். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற தரவுத்தளத்தில் கணக்கிட்டிருந்தால் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்ததே காரணம், 1,00,000.0 என்று தசமத்தோடு முதலில் பெருக்கிவிட்டு வகுத்தால் சரியாகிவிடும்.

வரைபடத்தில் வெள்ளை ஓட்டைகள்

மதிப்புக்கேற்ப நிறம் கொடுக்கும் ‘கிராஜுவேட்டட்’ முறையில், மதிப்பில்லாத பகுதிகளை மென்பொருள் வரையவே வரையாது. அவசரத்தில் அந்த ‘நல்’களை 0 ஆக்கிவிடுவார்கள், செய்யாதீர்கள். ‘ஒரு நோயாளியும் இல்லை’ என்பது ஒரு செய்தி. ‘அறிக்கையே வரவில்லை’ என்பது முற்றிலும் வேறு செய்தி. எல்லை லேயரை நகலெடுத்து அடியில் வைத்து, சாம்பல் கோடுகள் போட்டு, ‘தகவல் இல்லை’ என்று குறிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன

எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, லேபிள், குறிப்புப் பட்டியல், தலைப்பு மூன்றிலும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் சரியாகவும் பி.டி.எஃப்.பில் உடைந்தும் வந்தால், ஏற்றுமதிச் சாளரத்தில் எழுத்தைக் கோட்டுருவாக அனுப்பும் தேர்வை வையுங்கள். எழுத்தைத் தேட முடியாது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறாது.

பெரிதாக்கினால் ஒரு படம், சிறிதாக்கினால் வேறு படம்

இது ஹீட்மேப், அதாவது புள்ளிகள் நெருங்கிய இடத்தை அடர்நிறமாகக் காட்டும் படம், போடும் ஆசாமிகளின் புகார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பெரிய சிவப்புக் கோளம். கிட்டே போனால் அது பத்து சிறு பொட்டுகளாக உடைகிறது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நிறம் பரவும் ஆரத்தின் அலகு மில்லிமீட்டரில் இருப்பதுதான் காரணம். திரையில் 10 மில்லிமீட்டர் என்பது ஒரு அளவில் 50 கிலோமீட்டர், இன்னொரு அளவில் 500 மீட்டர். லேயரை மீட்டர் அலகுள்ள சி.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றி, ஆரத்தை ‘மேப் யூனிட்ஸ்’ அல்லது மீட்டரில் கொடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? அதை மென்பொருளைக் கேட்காதீர்கள், நோயைக் கேளுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வழக்கமாகச் சில நூறு மீட்டருக்குள் சுற்றும் பிராணி. அதற்கு 20 கிலோமீட்டர் ஆரம் வைத்தால் படத்துக்கு அர்த்தமே இல்லை. காற்றில் பரவும் நச்சு பற்றிய ஆய்வானால் கணக்கு வேறு.

‘பஃபர்’ (புள்ளியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வட்டம்) போட்டால் வட்டம் உலகத்தையே விழுங்குகிறது என்பதும் இதே குடும்பத்துப் பிழை. லேயர் பாகையில் இருக்கும்போது 500 என்று கொடுத்தால் 500 பாகை. அதைத் தவிர்க்க வெப் மெர்கேட்டர், அதாவது இ.பி.எஸ்.ஜி. 3857 என்ற சி.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அலகு மீட்டர் என்றுதான் காட்டும், ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அந்த மீட்டர் சுருங்கிக்கொண்டே போகும். 60-ஆம் அட்சரேகையில் நீங்கள் போட்ட 500 மீட்டர் தரையில் 250 மீட்டர்தான். உங்கள் பகுதிக்கான யு.டி.எம். மண்டலம்தான் சரி.

ஒரே ஓர் இடம் மட்டும் தகதகவென்று எரிகிறது

இதிலிருந்துதான் பேசாத பிழைகள் தொடங்குகின்றன.

எரிகிற இடத்தில் உள்ள புள்ளிகளின் ஆயங்களைப் பாருங்கள். நாற்பது நோயாளிகளுக்கு ஆறு தசம இடம்வரை ஒரே ஆயமா? முகவரியை ஆயமாக மாற்றும் சேவை, தெருவைக் கண்டுபிடிக்க முடியாதபோது ஊரின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். முகவரி சரியாக எழுதப்படாத நோயாளிகள் எல்லோரும் அந்த ஒரு புள்ளியில் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான சேவைகள் துல்லிய அளவு என்று ஒரு நெடுவரிசை தரும். அதை வைத்து ‘ஊர் மட்டம்’ என்று வந்தவற்றை ஹீட்மேப்பிலிருந்து விலக்கிவையுங்கள். பகுதிவாரி எண்ணிக்கையில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மருத்துவமனை முகவரி. ஒருமுறை எனக்கு வந்த காய்ச்சல் பட்டியலில் ஒரு வார்டு மட்டும் மற்றதைவிடப் பலமடங்கு கறுத்திருந்தது. அங்கே குழு அனுப்பலாமா என்ற பேச்சுவரை போய்விட்டது. பிறகு பார்த்தால், அந்த வார்டில் இருந்தது பெரிய மருத்துவமனை. சேர்க்கைப் படிவத்தில் வசிப்பிடம் காலியாக இருந்தால் தட்டச்சு செய்தவர் மருத்துவமனை முகவரியையே போட்டுவந்திருக்கிறார். கறுப்பாகத் தெரிந்தது நோய் அல்ல, கட்டில்கள். பட்டியலில் உள்ள முகவரி வசிப்பிடமா, சிகிச்சை பெற்ற இடமா, மாதிரி எடுத்த இடமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வரைபடம் ஜனத்தொகை வரைபடம் மாதிரியே இருக்கிறது

ஏனென்றால் அது ஜனத்தொகை வரைபடம்தான். எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால் ஜனம் நெருங்கிய இடம் கறுக்கும். லட்சத்துக்கு எத்தனை பேர் என்று மாற்றுங்கள். எண்ணிக்கையைத்தான் காட்டியாக வேண்டுமென்றால் நிறத்தில் காட்டாமல் வட்டங்களின் அளவில் காட்டுங்கள்.

‘ஜான் ஸ்னோ வெறும் இறப்புகளைத்தானே குறித்தார்?’ என்று யாராவது கேட்பார்கள். 1854-இல் லண்டன் பிராட் தெருவின் குடிநீர்க் குழாயைச் சுற்றி நேர்ந்த காலராச் சாவுகளை மருத்துவரான அவர் வரைபடத்தில் குறித்தது உண்மை. ஆனால் பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தும் 5 பேர்தான் இறந்தார்கள் என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. 5 என்ற எண் அந்த 535 இல்லாமல் எதையும் சொல்லியிருக்காது.

வகுக்கும் மக்கள்தொகையிலும் கோளாறு வரும். மாவட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும். நோயாளிகள் புதிய எல்லைப்படி, மக்கள்தொகை பழைய எல்லைப்படி. தாய் மாவட்டம் வெளிறிப்போகும், புதிய மாவட்டம் ‘நல்’ என்று நிற்கும். இரண்டையும் பழைய எல்லைக்கே திரும்பச் சேர்த்துக் காட்டுவதுதான் நாணயமான வழி. புற்றுநோய், பக்கவாதம் போன்றவற்றில் முதியோர் அதிகமுள்ள பகுதி தானாகவே கறுக்கும். அங்கே வயதைச் சீராக்கிய (பகுதிகளுக்கு இடையே உள்ள வயது வித்தியாசத்தைக் கழித்த) விகிதம் இல்லாமல் வரைபடம் போடாதீர்கள்.

மிகக் கறுப்பும் மிக வெளுப்பும் சின்னஞ்சிறு பகுதிகளிலேயே வருகின்றன

விகிதமாக மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது வருவது இது. 500 பேர் உள்ள ஒரு சிற்றூரில் ஒருவருக்கு நோய்: லட்சத்துக்கு 200. இரண்டு லட்சம் பேர் உள்ள நகரில் 120 பேருக்கு: லட்சத்துக்கு 60. சிற்றூர் கன்னங்கரேலென்று தெரியும். அந்த ஒரே ஆள் அந்த ஆண்டு வேறு ஊரில் இருந்திருந்தால் அதே சிற்றூர் 0 என்று வெள்ளையாகியிருக்கும். ஒரு மனிதரின் பயணத்தில் பட்டியலின் தலையிலிருந்து வாலுக்கு வந்துவிடுகிறது.

ஜியோடாவில் ‘எம்பிரிக்கல் பேய்ஸ்’ மென்மையாக்கம் இதற்காகவே இருக்கிறது. செய்வது இதுதான்: ஒவ்வொரு பகுதியின் விகிதத்தையும் மொத்தச் சராசரியை நோக்கி இழுக்கும்; மக்கள் குறைந்தால் இழுப்பு அதிகம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சராசரி லட்சத்துக்கு 50, பகுதிகளுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாட்டின் திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். நகருக்குக் கிடைக்கும் நம்பிக்கை எடை (அதன் சொந்த விகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்ற பின்னம்) 0.8, 60 என்பது 58 ஆகும், அவ்வளவே. சிற்றூருக்குக் கிடைக்கும் எடை 0.01; 200 என்பது 51.5-க்கு வந்துவிடும். ‘இந்த ஊரைப் பற்றி இந்தத் தரவு எதுவும் சொல்லவில்லை’ என்பதைக் கணக்கு சொல்லும் விதம் அது.

மென்மையாக்கிய வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவும் கூடாது. சிற்றூரில் உண்மையிலேயே கிணறு கெட்டிருந்தால் அதையும் இது அழுத்திவிடும். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்து, மென்மையாக்காத அசல் எண்ணிக்கையையும் அட்டவணையாகக் கொடுங்கள்.

போன ஆண்டு வரைபடமும் இந்த ஆண்டு வரைபடமும் ஒரே மாதிரி இருக்கின்றன, நோய் பாதியாகக் குறைந்தும்

பகுதிகளைச் சம எண்ணிக்கையில் பிரிக்கும் ‘குவான்டைல்’ முறையில் ஐந்து வகுப்பு வைத்தால், ஐந்தில் ஒரு பங்கு பகுதிகள் எப்போதும் அடர்சிவப்பில்தான் இருக்கும். நோய் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் இருக்கும். தரவின் இயல்பான இடைவெளிகளில் பிரிக்கும் ‘நேச்சுரல் பிரேக்ஸ்’ வைத்தாலும் எல்லைகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். இரண்டு ஆண்டுத் தரவையும் சேர்த்து எல்லை எண்களை ஒருமுறை முடிவுசெய்து, கையால் தட்டி, ஸ்டைலைச் சேமித்து இரண்டு லேயருக்கும் அதையே ஏற்றுங்கள்.

சாட்ஸ்கேன் பாதி வரைபடத்தை ஒரே திரள் என்கிறது

புள்ளியியலாளர் மார்ட்டின் குல்டார்ஃப் 1997-இல் விவரித்த வருடல் முறையை (வரைபடத்தின்மேல் வட்டங்களை நகர்த்தி, நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமுள்ள வட்டத்தைத் தேடுவது) ஓட்டும் மென்பொருள் இது. வட்டம் மொத்த மக்கள்தொகையில் 50 சதவீதம் வரை வளர இயல்பிலேயே அனுமதி உண்டு. அக்கம்பக்கத்துச் சிறு திரள்களை விழுங்கி ஒரே பெரிய வட்டம் வந்தால் அந்த வரம்பைக் குறைத்துப் பாருங்கள். ஆனால் எந்த வரம்பு என்பதை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள். பிடித்த வட்டம் வரும்வரை எண்ணைத் திருகிக்கொண்டிருப்பது ஆய்வல்ல.

ஆயக் கோப்பில் இல்லாத இடக் குறியீடு நோயாளிக் கோப்பில் இருந்தால் மென்பொருள் பிழை சொல்லும். மேலே சொன்ன ‘0407’ பூஜ்யக் கதைதான் மறுபடியும். ஆய்வுக் காலத்துக்கு வெளியே தேதி இருந்தாலும் அப்படியே. திரள் விசித்திரமான இடத்தில் வந்தால் ஆயக் கோப்பின் வரிசையைப் பாருங்கள்: பாகையில் கொடுக்கும்போது இங்கே அட்சரேகைதான் முதலில், கியூஜிஐஎஸ்ஸுக்கு நேர் எதிர்.

தற்செயலாலேயே இப்படியொரு திரள் வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு எல்லாத் திரளுக்கும் 0.001 என்று வருவது கோளாறு இல்லை. 999 முறை தற்செயல் மாதிரி எடுத்தால் அதற்குக் கீழே இறங்க முடியாது.

ஜியோடாவில் லோக்கல் மோரான் (ஒவ்வொரு பகுதியையும் அதன் அண்டைகளோடு ஒப்பிட்டுத் திரளைத் தேடும் சோதனை) ஓட்டுகிறவர்களுக்கு: 400 பகுதிகளில் பி-மதிப்புக்கு 0.05 வரம்பு வைத்தால், நோயில் எந்த ஒழுங்கும் இல்லாவிட்டாலும் சுமார் 20 பகுதிகள் சும்மாவே நிறம் பெறும். ‘அண்டை இல்லாத பகுதி’ என்று எச்சரிக்கை வந்தால், அது உண்மையிலேயே தீவா அல்லது எல்லைக் கோடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளியா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இடைவெளிதான் என்றால், எது எதற்கு அண்டை என்று சொல்லும் எடைக் கோப்பை உருவாக்கும் சாளரத்தில் ‘பிரிசிஷன் த்ரெஷோல்ட்’ மதிப்பைச் சற்றே உயர்த்தினால் அண்டைகள் சேர்ந்துவிடும்.

வரைபடம் சரியாக இருக்கிறது, நோயாளியின் வீடும் தெரிகிறது

இதை யாரும் பிழை என்று எனக்கு எழுதுவதில்லை. பி.டி.எஃப்.பில் புள்ளிகள் வெக்டராகவே இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. பின்னணியில் தெருக்கள் இருந்தால் எந்தக் கூரைக்குக் கீழே காசநோய் என்று பத்து நொடியில் சொல்லிவிடலாம். வெளியே போகும் வரைபடத்தில் புள்ளி வேண்டாம், பகுதி போதும். அதிலும் 1, 2 என்று வரும் பகுதிகளைப் பக்கத்துப் பகுதியோடு சேர்த்துவிடுங்கள். புள்ளி வேண்டியே தீரும் என்றால் ஒவ்வொன்றையும் தற்செயலாக நகர்த்துங்கள். நகர்த்தும் தூரத்துக்குக் குறைந்தபட்சம் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் சில புள்ளிகள் பழைய வாசலிலேயே நிற்கும். நகர்த்தியதைச் சேமித்து ஒவ்வொரு முறையும் அதையே வெளியிடுங்கள். மாதாமாதம் புதிதாக நகர்த்தினால், பத்து மாத வரைபடங்களின் சராசரி மறுபடியும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடும்.

இணைய வரைபடத்துக்குத் தரவைக் கொண்டுபோகும் ஜியோஜேசன் கோப்பு இன்னும் ஆபத்து. திரையில் நீங்கள் காட்டியது நிறத்தை மட்டும். கோப்புக்குள் பெயர், வயது, தொலைபேசி எண் எல்லா நெடுவரிசைகளும் அப்படியே போகும். ஏற்றுமதிச் சாளரத்தில் நெடுவரிசைப் பட்டியலை விரித்து, தேவையில்லாதவற்றின் டிக்கை எடுங்கள். பிறகு அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு நோயாளியின் பெயரைத் தேடுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அனுப்பலாம்.